கச்சானின் பல்வரிசை

செங்கல்பட்டு ராட்டினங்கிணற்றுப் பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் பல் லேபில் ஹனியா பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுக்கும் அளவு அச்சுகள் அங்கே வரும். அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, கேப்பும் பல்செட்டும் செய்து அனுப்புவது அவள் வேலை. தினமும் கோவளத்திலிருந்து திருப்போரூர், திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு என்று இரண்டு பஸ். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகி எட்டு மாதத்தில் முறிந்துவிட்டது. யாராவது கேட்டால், "அந்தாளுக்குப் பல்லு நல்லாத்தான் இருந்துச்சு, வாய்தான் சரியில்ல" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

எதையும் மறக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஏழாம் வகுப்பில் தன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திருடியவளுடைய கல்யாணம் இரண்டு தெரு தள்ளி நடந்தபோதுகூட அவள் போகவில்லை. "இன்னாடி இது, சின்ன வயசு சமாச்சாரம்" என்று அம்மா அக்தர் பேகம் சலித்துக்கொண்டார். "அவ அந்த பாக்ஸைத் திருப்பித் தந்தாளா?" என்று ஹனியா கேட்டாள்.

சூப்பர் ஹீரோ பொம்மைகளுக்கும் அவளுக்கும் தொடர்பு ஏற்பட்டது சாம் சாரால். அவர் செங்கல்பட்டில் பள்ளிக்கூட வாத்தியார். பிசிக்ஸ் நடத்துவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் காமிக்ஸிலும் சினிமாவிலும் வரும் வீரர்கள் அங்கி பறக்க, முட்டி மடக்கி, கையை ஓங்கி நிற்பார்கள். அவர் அவற்றைப் பொம்மை என்று சொல்லமாட்டார். 'ஃபிகர்' என்பார். ஒருநாள் தன் பல் கேப்புக்கு நிறம் பொருத்த லேபுக்கு வந்த இடத்தில், ஒரு ஃபிகரின் சுண்டுவிரல் ஒடிந்துபோனதைச் சொல்லி வருத்தப்பட்டார். ஹனியா அதை வாங்கி, பல்லுக்குப் போடும் அக்ரிலிக்கிலேயே ஒரு விரல் செய்து ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டிய இடம் எது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பிறகு சென்னை வரைக்கும் இருக்கும் சேகரிப்பாளர்கள் விரல், காது, வாள் என்று ஒடிந்ததையெல்லாம் அவளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அவளுடைய தம்பி ஷபீர் படம் வரைகிறவன். பதினெட்டு வயதில் கச்சான் என்று ஒரு வீரனை உண்டாக்கினான். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. அந்தக் காற்றில் கவிழ்ந்த படகோடு செத்துப்போன மீனவன் ஒருவன், உடம்பெல்லாம் உப்பு பூத்து, கிழிந்த வலையே கவசமாகக் கரையேறி வருகிறான். கோபம் வந்தால் பல்லைக் கடித்து, பல்லிடுக்கு வழியாகக் காற்றை ஊதுவான். லாஞ்ச் கவிழும், கள்ளத்தனமாகக் கடற்கரை மணல் அள்ளும் லாரி புரளும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஷபீர் ஒரு பக்கத்தை இணையத்தில் போடுவான். நூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள். அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

கச்சானை ஃபிகராகச் செய்து பார்க்கலாம் என்று சொன்னவள் ஹனியாதான். ஒரு சாண் உயரத்துக்கு மெழுகில் செதுக்கி, லேப் முதலாளியின் அனுமதியோடு அங்கிருந்த ஸ்கேனரில் வைத்து, ரெசினில் பிரிண்ட் எடுத்தாள். வலையின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சோம்பல்பட்டாள். கடித்த பற்களைத் தனியாகச் செதுக்காமல், முன்பு கேப் செய்வதற்காக ஷபீரின் பல் மாடலை ஸ்கேன் செய்த கோப்பைச் சுருக்கி, அப்படியே கச்சானின் வாயில் வைத்துவிட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் அப்போது தோன்றவில்லை.

மாமல்லபுரத்தில், வெளிநாட்டுக்காரர்கள் நடமாடும் தெருவில் ராஜேந்திரன் என்பவர் ஃபிகர் கடை வைத்திருந்தார். அக்காவும் தம்பியும் கச்சானை ஒரு ஷூ பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். ராஜேந்திரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வாரம் வெச்சுட்டுப் போங்க. கம்பெனி ஆளுங்க வராங்க, காட்றேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் மறுபடி போன அன்று கடையில் நல்ல கூட்டம். ராஜேந்திரன் பெட்டியைக் கல்லா மேல் போட்டார். கச்சானின் இடது கை தோளோடு ஒடிந்து தனியாகக் கிடந்தது.

"இன்னா தம்பி இது, சூப்பர் ஹீரோவா? மீன் மார்க்கெட்டுல தூங்கி எழுந்து வந்தவன் மாதிரி கீறான். இவனைக் கண்ணாடிக்குள்ள வெச்சா என் கடையே நாறிப்பூடும்" என்றார் உரக்க. நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொள்வது போலப் பாவனை செய்தாள். ஷபீரின் காது சிவந்தது. அவன் பெட்டியைக்கூட எடுக்காமல் வெளியேறினான். ஹனியாதான் எடுத்து வந்தாள்.

அன்றைக்கே ஷபீர் இணையத்திலிருந்த பக்கங்கள் எல்லாவற்றையும் அழித்தான். நோட்டுப் புத்தகங்களைக் கிழித்துக் குப்பை வண்டியில் போட்டான். பிறகு இ.சி.ஆரில் ஒரு ஹோட்டலில் ரூம் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தான்.

ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒருநாள் அந்த ஹோட்டலில் தங்கியிருந்த குழந்தை, தன் பொம்மை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது என்று அழுதது. ஷபீர் மண்டியிட்டுக் கையை விட்டு எடுத்தான். உப்பு பூத்த உடம்பு, வலைக் கவசம். குழந்தை பிடுங்கிக்கொண்டு, "இது புயல்மாறன், உங்களுக்குத் தெரியாதா அங்கிள்?" என்றது. ஒரு கம்பெனி புயல்மாறன் என்ற பெயரில் கார்ட்டூன் படம் எடுத்து, அது எல்லோர் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மைப் பெட்டியின் பின்புறம் 'உருவாக்கியவர்: ராஜேந்திரன், மாமல்லபுரம்' என்று அச்சிட்டிருந்தது.

ஷபீர் ஒரு வாரம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோதும், "வுடுக்கா, பேஜாரு" என்று முடித்துக்கொண்டான்.

ஹனியா மறுநாளே போய் ஒரு புயல்மாறன் பெட்டி வாங்கினாள். லேபில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கவசம் அவளுடையது. முழங்கால் மடிப்பு அவளுடையது. ஆனால் 'எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க' என்று ராஜேந்திரன் சொல்லிவிட முடியும். கண்ணாடியை மெல்ல மேலே நகர்த்தி வாயைப் பார்த்தாள்.

மேல் வரிசையில் ஓரம் உடைந்த முன்பல். அதற்கு இரண்டு பல் தள்ளி மேலேறி நிற்கும் தெத்துப்பல். கீழே வலது பக்கம் ஒரு பல் இல்லாத இடைவெளி. உளுந்தை விடச் சிறிய வாய்க்குள் அவள் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ராஜேந்திரன் அந்த இரண்டு வாரத்தில் கச்சானை ஸ்கேன் செய்து, அப்படியே அச்சு எடுத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வரவில்லை. கை நிதானமாகிவிட்டது. அன்று மாலை வரை ஐந்து கேப் செய்தாள். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

சாம் சாரிடம் மட்டும் சொன்னாள். அவர் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கோர்ட்டுக்குப் போனா இழுக்கும். தம்பி படத்தையெல்லாம் அழிச்சிட்டான். உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற கோப்பைக் காட்டினா, கடைல வாங்கினதை நீ ஸ்கேன் பண்ணிட்டு தேதியை மாத்திட்டேன்னு ராஜேந்திரன் சொல்லுவான். ஆனா பல்லு அளவு மூணு வருஷம் முன்னாடி டாக்டர் எடுத்தது, இல்லையா?"

"பில்லு கீது சார். பிளாஸ்டர் மாடலும் கீது. அடியில நம்பர், தேதி எல்லாம்."

"அப்போ அவன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடாத. விலை அதிகம்னா ஃபிகர் சேர்க்கிற எங்க ஆளுங்க மன்னிப்பாங்க. திருட்டுன்னா மன்னிக்கமாட்டாங்க. மூணு மாசத்துல எங்க கூட்டம் வருது, அவங்க எதிர்ல வெச்சுக் கேளு."

ஹனியா மூன்று மாதம் காத்திருந்தாள். அந்த மூன்று மாதமும் ராஜேந்திரன் பேட்டி கொடுப்பதைப் போனில் பார்த்தாள். அலைவாய்க்கரையில் உட்கார்ந்திருந்தபோது புயல்மாறன் தன் மனதில் எழுந்து வந்ததாக அவர் சொல்வார். சாப்பிடும்போதெல்லாம் அதைப் போட்டுப் பார்ப்பாள். பாதிச் சோறு தட்டிலேயே கிடக்கும். "அவனைப் பாத்துகினு துன்னா சோறு எப்படி எறங்கும்?" என்று அம்மா போனைப் பிடுங்குவார்.

மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றின் ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேகரிப்பாளர்கள் கூடினார்கள். சின்னப் பொருளைத் திரையில் பெரிதாகக் காட்டும் கேமரா சாம் சாரின் பொறுப்பில் இருந்தது. ஷபீர் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். பிறகு, ஹோட்டல் சட்டையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான்.

மேடையில் ராஜேந்திரனுக்குச் சால்வை போட்டார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் ஹனியா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ராஜேந்திரனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"சார், பொம்மையோட பல்லு ரொம்ப நல்லா வந்திருக்கு. அதையும் நீங்களேதான் செஞ்சீங்களா?"

"ஒவ்வொரு பல்லும் என் கையால செதுக்கினதும்மா. பல்லுக்கு மட்டுமே ரெண்டு மாசம்."

"கீழ வலது பக்கம் ஒரு பல்லு இல்லியே, ஏன் சார்?"

ராஜேந்திரன் ஒரு கணம் பொம்மையைப் பார்த்தார். அவர் அதுவரை கவனித்ததில்லை. "ஹீரோன்னா ஒரு கொறை இருக்கணும். சண்டைல போனது" என்றார். கூட்டம் கைதட்டியது.

"முன்பல்லு ஓரம் உடைஞ்சிருக்கே?"

"அதுவும் சண்டைலதாம்மா."

"தெத்துப்பல்லு?"

"அது நானா யோசிச்சு வெச்சது. ஒரு களைக்காக."

"அந்த முன்பல்லு சண்டைல உடையல சார்," என்றாள் ஹனியா. குரலை உயர்த்தவில்லை. "மூணு வருஷம் முன்னாடி கோவளம் பீச்சுல கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டு உடைஞ்சுது. கீழ்ப்பல்லு சொத்தையாகிப் புடுங்கினது. அது எந்தம்பி வாய்."

பையிலிருந்து பிளாஸ்டர் மாடலை எடுத்துக் கேமராவுக்குக் கீழே வைத்தாள். பக்கத்தில் புயல்மாறனை வைத்தாள். சாம் சார் இரண்டையும் திரையில் பெரிதாக்கினார். உடைந்த ஓரம், தெத்துப்பல், இடைவெளி. பிறகு அடியிலிருந்த தேதி, டாக்டரின் பில். "ஷபீர், வாடா" என்று அவள் கூப்பிட்டாள். அவன் நடந்து வந்து, கேமரா முன்னால் குனிந்து வாயைத் திறந்தான். முன்பல்லில் அவள் செய்த கேப் இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே திரையில் இருந்தது.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு. "அண்ணாத்த, உன் பல்லையும் கொஞ்சம் காட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. ராஜேந்திரன் ஏதோ சொல்லப் பார்த்தார்; மைக்கை அணைத்துவிட்டார்கள். சால்வை நழுவி விழுந்ததை அவர் எடுக்கவில்லை. அவர் காது சிவந்ததா என்று ஹனியா பார்த்தாள். சிவந்திருந்தது. வெளியே வந்து கடற்கரையில் இரண்டு தட்டு மீன் வறுவல் வாங்கி ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள்.

கார்ட்டூன் கம்பெனி ஒரே வாரத்தில் ராஜேந்திரனைக் கைகழுவி, படத்தையும் நீக்கிவிட்டது. ஹனியாவின் வக்கீல் நோட்டீஸ் போனதும் ராஜேந்திரனே கோவளத்துக்கு வீடு தேடி வந்தார். அம்மா டீ போட்டு வந்து வைத்தார். ஹனியா அந்தக் கிளாஸை எடுத்து உள்ளே கொண்டு போனாள்.

"தப்பு பண்ணிட்டேன்மா. இனிமே பெட்டில தம்பி பேர், உன் பேர் ரெண்டும் போட்றேன். நானே வித்துத் தரேன். பொம்மை நல்லா ஓடிகினு கீது, நிறுத்த வேணாம்" என்றார்.

ஷபீர் தலை நிமிர்ந்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்ததை அம்மா பார்த்தார். ஹனியா பார்க்கவில்லை. அவள் ராஜேந்திரனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சு எங்க கீது?" என்று கேட்டாள்.

"அச்சரப்பாக்கத்துல. ஒரு பிளாஸ்டிக் கம்பெனில."

"அதை அறுக்கணும். என் கண்ணெதிர்ல. இல்லன்னா கோர்ட்டு."

"அக்கா..." என்றான் ஷபீர்.

"நீ சும்மா இரு."

அச்சரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி ரோட்டை ஒட்டிய அந்தக் கொட்டகையில் நாற்காலிக் காலில் மாட்டும் குப்பியும் வாளிக் கைப்பிடியும் செய்துகொண்டிருந்தார்கள். கச்சானின் அச்சு இரும்பில் இரண்டு பாளமாக இருந்தது. கேஸ் கட்டர்காரர் முகமூடி போட்டுக்கொண்டு, "நல்ல அச்சும்மா, வீணாக்கறீங்களே" என்றார். "அறுங்க" என்றாள். பொறி பறந்தது. ராஜேந்திரன் கைகட்டி நின்றார். நெஞ்சின் குறுக்கே, முகத்தின் குறுக்கே, இரும்பு உருகிச் சொட்டி நான்கு துண்டாகிற வரை அவள் நகரவில்லை.

வீட்டில் ஷபீர் காத்துக்கொண்டிருந்தான்.

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"அவன் உன்னை எல்லார் எதிர்லயும் அசிங்கப்படுத்தினான்டா."

"என் பேரைத்தான் திருடினான். அத்தத் திருப்பித் தரேன்னு வந்தான். நீ ஆளையே கொன்னுட்ட. அந்தக் கொழந்தைங்க கையில இருந்தது என் கச்சான்தானே?"

ஷபீர் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில், அம்மா மூலமாகவே உப்பு வேண்டும், சார்ஜர் எங்கே என்று கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் சாம் சார் லேபுக்கு வந்தார். சந்தோஷமாக இருந்தார். "புயல்மாறன் இப்போ இன்னா விலை தெரியுமா? அச்சு போச்சுன்னு தெரிஞ்சதும் எகிறிடுச்சு. இனிமே ஒண்ணுகூட வராது இல்ல? நான் கடன் வாங்கி ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன். சீல் பிரிக்காத பெட்டி."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "வேற யார்கிட்ட இருக்கும்? ராஜேந்திரன்கிட்டதான். குடோன்ல நிறையப் பதுக்கி வெச்சிருக்கான். ஒண்ணு ஒண்ணா விடறான்."

ஹனியா கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். அச்சை அறுத்த அன்று ராஜேந்திரன் கைகட்டி நின்றது ஞாபகம் வந்தது. அங்கே அவன் ஏன் ஒரு வார்த்தைகூடக் கெஞ்சவில்லை என்பது இப்போது விளங்கியது. தன் கையாலேயே அவனுக்கு வாழ்வு கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய் நேராக ஷபீர் எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். "மொதல்ல செஞ்ச கோப்பு எங்கிட்ட கீது. அத்த நெட்டுல எல்லாருக்கும் இனாமா வுட்டுட்டா, யார் வேணா பிரிண்ட் எடுத்துக்கலாம். அவன் பதுக்கினது ஒண்ணுத்துக்கும் ஆவாது. ஆனா உன்னைக் கேக்காம செய்யமாட்டேன்."

ஷபீர் போனைக் கீழே வைத்தான். "பேரு?"

"கச்சான். வேற இன்னா?"

"பெட்டிக்குப் படம் நான் போடறேன்" என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கோப்பை வெளியிட்டார்கள். கூடவே, வெட்டி மடித்து ஒட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்று. அதன்மேல் ஷபீர் வரைந்த புதிய படம், அவன் பெயர். பதினைந்து நாளில் திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் ஆட்கள் கச்சானை எடுத்து, வண்ணம் பூசி, போட்டோ போட்டார்கள். திருடிய பொம்மையைவிட அசல் வேலை நுணுக்கம் என்று எல்லோரும் எழுதினார்கள். புயல்மாறனைச் சீந்த ஆளில்லை. ராஜேந்திரன் பதுக்கியதை முதலில் பாதி விலைக்கு என்றார், பிறகு ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் என்றார். மழைக்காலத்துக்கு முன்பே கடையைக் காலி செய்தார். ஹனியா ஒருநாள் மாமல்லபுரத்துக்கே பஸ் ஏறிப் போய், அந்தக் கடைக்கு எதிரே நின்றாள். ஷட்டரில் 'வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை.

சாம் சார் ஒரே ஒரு தடவை போன் செய்தார். "ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா வித்திருப்பேனேம்மா" என்றார். சொன்னால் செய்தி வெளியே போய்விடும் என்று பயந்துதான் அவள் சொல்லவில்லை. அவர் கடன் வாங்கியிருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "நான் தரேன் சார்" என்றாள். "வேணாம்" என்று வைத்துவிட்டார். அதன்பின் ஒடிந்த விரல் எதுவும் அவரிடமிருந்து வரவில்லை.

தை மாதத்தில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தாள். அவர் பஸ் பலகையைப் படிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளே போய் நின்றாள்.

"சார், உங்க விஷயத்துல நான் செஞ்சது தப்பு."

"ராஜேந்திரனுக்கு செஞ்சது?"

"அது தப்பில்ல. திரும்பவும் செய்வேன்."

சாம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உன் கோவத்துக்குப் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை. பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

திருப்போரூர் பஸ் வந்தது. அன்று இருவருக்கும் அதுதான் பஸ். அவர் முன்பக்கம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் பக்கத்து இருக்கை திருப்போரூர் வரை காலியாகவே இருந்தது.